இரண்டு கிராஃபிக்ஸ் சிப் கொண்ட மடிக்கணினியில் மூன்று வெளித்திரைகளை இணைத்தல்

புதிய கேபிளோ ஹப்போ வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், உங்கள் மடிக்கணினியின் ஒவ்வொரு போர்ட்டும் உள்ளே எந்த கிராஃபிக்ஸ் சிப்புடன் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிடுங்கள். இன்டெல் அல்லது ஏஎம்டி செயலிக்குள்ளேயே அடங்கிய கிராஃபிக்ஸ் ஒன்றும், என்விடியாவின் தனி சிப் மற்றொன்றுமாக இரண்டு இருக்கும் மடிக்கணினிகளில், 2010இல் இரண்டு சிப்புகளையும் வேலைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தும் என்விடியாவின் ஆப்டிமஸ் தொழில்நுட்பம் வந்த பிறகு, பெரும்பாலும் மடிக்கணினியின் சொந்தத் திரை செயலியின் கிராஃபிக்ஸுடன்தான் இணைந்திருக்கிறது. என்விடியா சிப் படத்தை வரைந்து அதனிடம் ஒப்படைக்க, அது திரைக்கு அனுப்புகிறது. ஆனால் ஹெச்டிஎம்ஐ, யூஎஸ்பி-சி போர்ட்டுகள் எந்தப் பக்கம் போகின்றன என்பது தயாரிப்பாளரின் முடிவு. ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த இரண்டு மாடல்களிலேகூட இது மாறும்.

இதைக் கண்டறிய ஒரு மானிட்டரும் ஐந்து நிமிடமும் போதும். மானிட்டரை ஹெச்டிஎம்ஐயில் செருகி, விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற வரிசையில் சென்று, மேலே அந்த மானிட்டரைத் தேர்ந்தெடுத்தால், அது எந்த கிராஃபிக்ஸுடன் இணைந்திருக்கிறது என்பது பெயருடன் அங்கே எழுதப்பட்டிருக்கும். பிறகு அதே மானிட்டரை யூஎஸ்பி-சியில் செருகி மறுபடியும் பாருங்கள். கிடைத்த விடையை ஒரு சிறு தாளில் எழுதி மடிக்கணினியின் அடியில் ஒட்டிவைத்தால், அடுத்த முறை இந்தச் சோதனையே தேவைப்படாது.

எத்தனை திரைகள் கிடைக்கும் என்ற கணக்கு இந்த விடையிலிருந்துதான் தொடங்குகிறது. இன்டெல் கிராஃபிக்ஸ் 2012இல் வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்து ஒரே நேரத்தில் மூன்று திரைகளையும், 2020இல் வந்த பதினோராம் தலைமுறை மடிக்கணினிச் செயலிகளிலிருந்து நான்கு திரைகளையும் இயக்குகிறது. மடிக்கணினியின் சொந்தத் திரையும் இந்த எண்ணிக்கைக்குள் அடங்கும். ஆகவே எல்லா போர்ட்டுகளும் மூன்று திரை வரம்புள்ள இன்டெல் பக்கம் இருந்தால், மூன்றாவது வெளித்திரையை ஏற்ற வேண்டுமானால் சொந்தத் திரையை அணைத்தாக வேண்டும். ஹெச்டிஎம்ஐ என்விடியா பக்கம் இருந்தாலோ, அந்தத் திரை இன்டெலின் கணக்கில் சேராது. இப்படிப் பிரிந்திருப்பதே நல்ல அமைப்பு என்பது என் கருத்து.

யூஎஸ்பி-சியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வடிவம் ஒன்றாக இருப்பதாலேயே அது திரைக்குப் படம் அனுப்பும் என்று கொள்ள முடியாது. போர்ட்டின் அருகே டிஸ்ப்ளேபோர்ட்டின் (ஹெச்டிஎம்ஐ போலத் திரைக்குப் படம் அனுப்பும் மற்றொரு இணைப்பு முறை) சின்னமோ, தண்டர்போல்ட்டின் மின்னல் சின்னமோ இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். படம் அனுப்பக்கூடிய போர்ட் என்றால், எம்எஸ்டி (ஒரே இணைப்பில் பல திரைகளுக்கான தனித்தனிப் படங்களை அனுப்பும் முறை) வசதியுள்ள ஹப் மூலமாகவோ, டிஸ்ப்ளேபோர்ட் வெளியீடு உள்ள மானிட்டர்களை ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலியாகக் கோத்தோ, ஒரே போர்ட்டிலிருந்து இரண்டு திரைகளை இயக்கலாம். டிஸ்ப்ளேபோர்ட் 1.2இல் தரவு செல்லும் நான்கு தடங்களும் சேர்ந்து நொடிக்கு 17.28 ஜிகாபிட் தரவைக் கொண்டுசெல்லும். 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படும்போது, ஒரு முழு ஹெச்டி திரைக்குச் சுமார் மூன்றரை ஜிகாபிட்டும், ஒரு 4கே திரைக்குச் சுமார் பதின்மூன்று ஜிகாபிட்டும் தேவை. பல ஹப்புகள் வேகமான யூஎஸ்பி போர்ட்டுகளுக்காக இரண்டு தடங்களை எடுத்துக்கொள்வதால் மீதி 8.64 ஜிகாபிட்தான், அதனால்தான் இரண்டு முழு ஹெச்டி திரைகள் சிக்கலின்றி ஓடும் அதே ஹப்பில் ஒற்றை 4கே திரை 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது.

ஹெச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டரை மட்டும் வாங்காதீர்கள். நான் ஒரு முறை வாங்கினேன். இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் வந்தது, ஏனெனில் அது ஒரு படத்தை இரண்டாகப் பகிர்ந்து தருமே தவிர, இரண்டு தனித் திரைகளை உருவாக்காது. வேறு போர்ட்டே இல்லாத நிலையில் டிஸ்ப்ளேலிங்க் அடாப்டர் உதவும். படத்தைச் செயலியே சுருக்கி யூஎஸ்பி வழியாக அனுப்புவதால், கடிதம், கணக்கு போன்ற வேலைகளுக்கு அது போதும். வீடியோ தொகுப்புக்கும் விளையாட்டுக்கும் பொருந்தாது.

இனி இணைப்பு வேலை. இரண்டு சிப்புகளின் டிரைவர்களையும் முதலில் புதுப்பித்து, சார்ஜரைச் செருகி, திரைகளை ஒவ்வொன்றாக இணையுங்கள். ஒன்று சரியாக வந்த பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் ஒன்றாகச் செருகினால், பழுது எந்தக் கேபிளில் என்று தெரியாமல் போகும். சங்கிலியாகக் கோக்கும்போது, நடுவிலுள்ள மானிட்டரின் மெனுவில் எம்எஸ்டியை இயக்கி, கடைசி மானிட்டரில் அதை அணைத்துவையுங்கள். பிறகு விண்டோஸ் பொத்தானுடன் பி-யை அழுத்தி எக்ஸ்டெண்டைத் தேர்ந்தெடுத்து, டிஸ்ப்ளே பக்கத்தில் எண்ணிட்ட கட்டங்களை மேசையில் திரைகள் நிற்கும் வரிசைப்படி நகர்த்துங்கள். ஒவ்வொரு திரையின் புதுப்பிப்பு வேகத்தையும் தனித்தனியாகச் சரிபார்ப்பது அவசியம்.

கனமான மென்பொருளை இயக்கும் திரையை, முடிந்தவரை என்விடியாவுடன் இணைந்த போர்ட்டில் வையுங்கள்; படத்தை ஒரு சிப்பிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்கும் வேலை அங்கே இல்லை. அந்த மென்பொருளை எந்தச் சிப் வரைய வேண்டும் என்பதை டிஸ்ப்ளே பக்கத்திலுள்ள கிராஃபிக்ஸ் பகுதியில் குறிப்பிடலாம். இதற்கு ஒரு விலையும் உண்டு: அந்த போர்ட்டில் திரை இருக்கும்வரை என்விடியா சிப் உறங்காது, எனவே விசிறி கூடுதலாகச் சுழலும், பேட்டரியும் விரைவில் தீரும். சார்ஜர் இல்லாமல் வெளித்திரையில் வேலை செய்ய நேர்ந்தால், இன்டெல் பக்கமுள்ள போர்ட்டுக்கு அந்தக் கேபிளை மாற்றிக்கொள்ளுங்கள்.