பழைய நாகரிகங்களை கம்பேர் பண்றப்போ எல்லாரும் சறுக்குற இடங்கள்

சுமேரியா, எகிப்து, சிந்து, சீனா, மெக்சிகோ, பெருன்னு வரிசையா வச்சு பேசுறப்போ முதல் தப்பு, சுமேரியா இருந்த மெசபடோமியாவையே (இன்னிக்கு ஈராக் பக்கம்) அளவுகோலா எடுத்துக்கறது. எழுத்து இருந்துச்சா, சக்கரம் இருந்துச்சா, ராஜா இருந்தாரானு டிக் அடிச்சுட்டே போவோம். கார்டன் சைல்டுங்கற ஆய்வாளர் 1950ல நகரத்துக்கு பத்து அடையாளம் எழுதி வச்சாரு, அன்னிக்கு அது பெரிய விஷயம், ஆனா அதையே இன்னிக்கும் எக்ஸாம் பேப்பர் மாதிரி திருத்திட்டு இருந்தா பெருவுல இருக்குற காரல் ஃபெயில் ஆயிடும்.

காரல் என்ன ஊருன்னா, கி.மு. 2600 வாக்குல, அதாவது கிட்டத்தட்ட எகிப்துக்காரங்க கிசாவுல பெரிய பிரமிடு கட்டின காலத்துல, பெரிய பெரிய கல் மேடைங்க, தரையில வட்டமா பள்ளம் இறக்கின மன்றம்னு அமர்க்களமா இருந்த ஊரு, ஆனா மண்பானையே கிடையாது! கல்லை நாணல் பையில போட்டு பையோடயே மேடைக்குள்ள அடுக்கிருக்காங்க. உள்நாட்டுல பருத்தி விளைஞ்சுது, கடலோரத்து ஆளுங்க அந்த பருத்தியில வலை பின்னி நெத்திலியும் மத்தியும் பிடிச்சு மேல அனுப்பினாங்க, அந்த கொடுக்கல் வாங்கல்லதான் ஊரே ஓடுச்சு. பெரிய நதி, நெல் கோதுமை களஞ்சியம், அப்புறம்தான் நகரம்னு ஸ்கூல்ல படிச்சத இங்க கொண்டு வந்து ஒட்டவே முடியாது. சக்கரமும் அப்படித்தான், மெக்சிகோவுல சக்கரம் வச்ச மண் பொம்மை கிடைச்சிருக்கு, வண்டி இழுக்க மாடோ குதிரையோ இல்ல, அவ்ளோதான்.

அடுத்தது 'தனியா வளர்ந்துச்சு'னா யாரோடயும் தொடர்பே இல்லன்னு நினைக்கறது. சிந்து முத்திரை மெசபடோமியாவுல 'ஊர்' (Ur)ங்கற பேருள்ள நகரத்துலயே கிடைச்சிருக்கு, அதே மெசபடோமியாவுல அக்காத் ராஜ்யத்து ராஜா சார்கோன் மெலுஹா கப்பல் எங்க துறைமுகத்துல நிக்குதுன்னு பீத்திக்கறாரு, அந்த மெலுஹா சிந்துப் பகுதிதான்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. வியாபாரம் இருந்துச்சுங்கறதுக்காக சிந்துக்காரங்க அங்கேருந்து காப்பி அடிச்சாங்கன்னு சொல்லிட முடியாது, எழுத்து வேற, ஊர் அமைப்பு வேற, செங்கல்லோட 1:2:4 அளவு (உயரம், அகலம், நீளம்) இவங்களோட சொந்த சரக்கு. சீனாவுக்கு கோதுமையும் தேரும் மேற்கேருந்து போச்சு, நகரம் அவங்க மண்ணுலயே முளைச்சுது. சுத்தமா யாரு வாடையும் படாம வளர்ந்ததுன்னா அது அமெரிக்கக் கண்டம்தான்.

பிரமிடு ரெண்டு பக்கமும் இருக்கே, அப்போ ஏலியன்தானேன்னு வாட்ஸப்ல வரும். எகிப்து ராஜா கூஃபுவோட பிரமிடுக்கும் மெக்சிகோவுல தியோதிவாக்கான் நகரத்து சூரிய பிரமிடுக்கும் நடுவுல 2,500 வருஷத்துக்கு மேல கேப், ஒண்ணு கல்லறை, இன்னொண்ணு கோயில் மேடை. இரும்புக் கம்பி இல்லாம உயரமா அடுக்கணும்னா அடி அகலமாத்தான் வைக்கணும், நெல்லைக் குவிச்சாலும் அந்த ஷேப்புலதான் நிக்கும்.

யாரு ஃபர்ஸ்ட்டுங்கற ரேஸ் இன்னொரு தலைவலி. பாகிஸ்தான்ல இருக்குற மெஹர்கருக்கு வழக்கமா சொல்ற கி.மு. 7000ங்கறது விவசாய கிராமத்தோட தேதி, அதை சுமேரியாவோட உருக் நகரத்தோட மோத விடக்கூடாது. நம்மாளுங்க கீழடியையும் இதே டேபிள்ல ஏத்திடறாங்க. அது கி.மு. 6ம் நூற்றாண்டு வரைக்கும் போகுதுன்னு தமிழக தொல்லியல் துறை சொன்னது சந்தோஷம்தான், ஆனா சிந்து நகரங்கள் கி.மு. 1900 வாக்குலயே சரிய ஆரம்பிச்சாச்சு, இது அடுத்த ரவுண்டு நகரம், இந்த போட்டியிலயே வராது. லேட்டா வந்தவன் மட்டம்னும் கிடையாது. மக்காச்சோளம் ஒரு காட்டுப் புல்லுலேருந்து வந்தது, சுமார் 9,000 வருஷம் முன்னாடி விதைக்க ஆரம்பிச்சும் கதிரு வயித்துக்குக் காணுற அளவு பெருக்க ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சு, மெக்சிகோவுல நகரம் தாமதமானதுல அதுக்கு பெரிய பங்கு உண்டு.

கடைசியா, கிடைக்கலன்னா இல்லவே இல்லன்னு முடிவு கட்டறது. சுமேரியர் களிமண்ணுல எழுதினாங்க, தீப்பிடிச்சாலும் அது கெட்டியாத்தான் ஆகும், அதனால அவங்க கடன் கணக்கு வரைக்கும் நம்ம கையில இருக்கு. சிந்துல கிடைச்சதெல்லாம் சராசரியா அஞ்சு குறி உள்ள குட்டி எழுத்து, அதையும் இன்னும் யாரும் படிச்ச பாடில்ல. இதை வச்சுக்கிட்டு அங்க ராஜாவே இல்ல, சண்டையே இல்ல, எல்லாரும் சமம்னு அடிச்சு விடறவங்கள பாத்தா எனக்கு சிரிப்புதான் வருது. அரண்மனைன்னு உறுதியா சொல்ற கட்டடம் இதுவரைக்கும் சிக்கல, அதுக்கு மேல ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல இப்போதைக்கு ஆதாரம் கிடையாது.