எடுத்துக்காட்டு வாக்கியங்கள் வழியே ஜப்பானிய மொழி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொற்பட்டியலை உருப்போடுவதைவிட எடுத்துக்காட்டு வாக்கியங்கள் வழியே ஜப்பானிய மொழியைப் படிப்பது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நான் தொடக்கத்தில் செய்த பிழைகளையே, இன்று ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியின் தொடக்க நிலையான என்5-க்குப் படிக்க வருவோரும் செய்கிறார்கள். உச்சரிப்புத் தடுமாற்றம் போன்றவை பழகப் பழகக் குறையும் என்பதால் அவற்றை இங்கே பேசவில்லை.

தமிழ்ப் பொருளோடு நின்றுவிடுதல்

ஜப்பானிய மொழியிலும் வினை இறுதியில் வருகிறது. நம் வேற்றுமை உருபுகளைப் போன்ற இடைச்சொற்கள் பெயருக்குப் பின்னால் வருகின்றன. இந்த ஒற்றுமைதான் நம்மவர்களை ஏமாற்றுகிறது. 'டோக்கியோ நி சுந்தே இமாஸ்' என்றால் டோக்கியோவில் வசிக்கிறேன். 'டோக்கியோ தே ஹதராய்தே இமாஸ்' என்றால் டோக்கியோவில் வேலை செய்கிறேன். தமிழில் இரண்டுக்கும் 'இல்' போதும் என்பதால், பயிற்சி அட்டையின் மறுபக்கத்தில் பொருளைப் பார்த்துச் 'சரிதான்' என்று அடுத்ததற்குப் போகிறவரின் கண்ணில் 'நி', 'தே' வேறுபாடு படுவதே இல்லை. எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் தயங்காமல் பொருள் சொல்லும் மாணவி ஒருவர், தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது 'சென்னை தே சுந்தே இமாஸ்' என்றார். திருத்திய பிறகும் அதையே சொன்னார். அவ்வளவு உழைப்புக்குப் பிறகு இப்படி நிற்பதைக் காணும்போது இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

'இருப்புக்கு நி, செயலுக்கு தே' என்ற விதியும் ஓரளவே கைகொடுக்கும். தோட்டத்தில் மரம் இருக்கிறது என்பது 'நிவா நி கி க அரு'. பள்ளியில் தேர்வு இருக்கிறது என்பதோ 'கக்கோ தே ஷிகேன் க அரு'. வினை இரண்டிலும் 'அரு'தான். மரம் பொருள், தேர்வு நிகழ்ச்சி என்பதால் இடைச்சொல் மாறுகிறது. ஆகவே அட்டையில் பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக இடைச்சொல்லை மறைத்துவிட்டு, அந்த இடத்தை நிரப்பிப் பழகுங்கள். பொருள் தெரிந்தும் இடைச்சொல் தவறினால், அந்த அட்டையைத் தவறு என்றே கணக்கில் வையுங்கள்.

காஞ்சியின் ஒலிப்புகளைத் தனியே உருப்போடுதல்

ஜப்பானிய மொழியை எழுதப் பயன்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகளே காஞ்சி. அன்றாடப் பயன்பாட்டுக்கான காஞ்சிகளின் அரசுப் பட்டியலான ஜோயோ, 2010இல் திருத்தப்பட்டபடி, 2,136 காஞ்சிகளைக் கொண்டது. அவற்றுள் பலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் 'நிச்சியோபி' என்ற சொல்லின் முதலிலும் இறுதியிலும் ஒரே காஞ்சிதான் நிற்கிறது. முதலில் 'நிச்சி' என்றும் இறுதியில் 'பி' என்றும் ஒலிக்கிறது. ஒலிப்புப் பட்டியல் இதைக் கற்றுத்தராது. சொல்லோடு சேர்த்தே படியுங்கள்.

ஃபுரிகானா

காஞ்சியின் மேலே ஒலிப்பைச் சிறிய எழுத்தில் காட்டுவதே ஃபுரிகானா. அது இருக்கும்வரை கண் காஞ்சியைப் பார்ப்பதில்லை. மறைத்துவிடுங்கள்.

ஒரே வாக்கியத்தில் நான்கு புதிய சொற்கள்

ஒன்று போதும்.