சைனால செங்டுக்குப் படிக்க வர்றீங்களா? முதல் மாசத்தை இப்படி ஓட்டுங்க

ஆகஸ்ட் வந்தா போதும், "அண்ணா சைனாவுக்கு வர்றேன், என்னென்ன எடுத்துட்டு வரணும்"னு யாராவது கேட்டுடுவாங்க. புளி, ஊறுகா, குக்கர்னு லிஸ்ட்டும் அவங்களே போட்டு வெச்சிருப்பாங்க. அதெல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல பாஸ்போர்ட்ட எடுத்து அதுல உங்க பேர் எப்படி இருக்குன்னு பாருங்க.

நம்ம பக்கம் குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்ல சிலருக்கு சர்நேம் கட்டமே காலியா இருக்கும், சிலருக்கு அங்க அப்பா பேர் உக்காந்திருக்கும். இங்க சிம் கார்டு, பேங்க் அக்கவுண்ட், அலிபே (பணம் கட்டுற ஆப்), வீசாட் (மெசேஜ், பணம் ரெண்டுக்குமான ஆப்) நாலுலயும் பேரும் பாஸ்போர்ட் நம்பரும் ஒரு எழுத்து மாறாம இருந்தாதான் ஒண்ணோட ஒண்ணு சேரும். எனக்கு சிம் கடைல என் பேர் முன்னாடி அப்பா பேர் பின்னாடி அடிச்சாங்க, பேங்க்ல அத தலைகீழா, நடுவுல இடைவெளியே இல்லாம அடிச்சாங்க, ரெண்டும் ஒரே ஆளுதான்னு சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும், மூணு வாரம் இங்கயும் அங்கயும் அலைய விட்டாங்க. அதனால பாஸ்போர்ட் போட்டோ பக்கத்துக்கு அடில அம்புக்குறியா ரெண்டு வரி இருக்கும்ல, அதுல பேர் எந்த வரிசைல இருக்கோ அதையே எல்லா இடத்துலயும் போடச் சொல்லுங்க. சிம் கவுண்டர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அவங்க ஸ்க்ரீன ஒரு போட்டோ எடுத்து, பேங்க்ல போய் அதையே காட்டுங்க. சிம் முதல்ல, பேங்க் அடுத்தது, ஏன்னா உள்ளூர் நம்பர் இல்லாம பேங்க்ல பெரும்பாலும் திருப்பி அனுப்பிடுவாங்க.

போலீஸ் பதிவ லேசா எடுத்துக்காதீங்க. வந்து இறங்கி 24 மணி நேரத்துக்குள்ள நீங்க எங்க தங்கியிருக்கீங்கன்னு பதிவாகணும். ஹோட்டல்னா அவங்களே பண்ணிடுவாங்க, ஹாஸ்டல்னா ஆபீஸ்ல கேட்டுக்கோங்க. ஃப்ரெண்டு ரூம்லயோ வாடகை வீட்லயோ தங்குனா நீங்கதான் அந்த ஏரியா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகணும், பண்ணலைன்னா 2,000 யுவான் வரைக்கும் அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு. அங்க குடுக்குற சீட்ட தொலைச்சிடாதீங்க, எக்ஸ்1 விசால (நீண்ட நாள் படிப்புக்கான விசா) வந்தவங்க 30 நாளுக்குள்ள ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணணும்ல, அப்போ அத கேப்பாங்க.

அப்புறம் போன். கூகுள், வாட்ஸப், யூட்யூப், இன்ஸ்டா எதுவும் இங்க நெட்ல வராது. சரி வீட்டுக்கு வீசாட்ல பேசிக்கலாம்னு நினைப்பீங்க, அது 2020 ஜூன்லயே இந்தியால தடை, அம்மா போன்ல ஏத்தவே முடியாது. ஊர் சிம்ல ரோமிங் போட்டா வாட்ஸப் ஓடும், ஏன்னா அந்த டேட்டா நம்ம ஊர் நெட்வொர்க் வழியாத்தான் போகும், முதல் ரெண்டு வாரத்துக்காவது அத வெச்சுக்கோங்க. நடுவுல கோலாலம்பூர், சிங்கப்பூர்னு எங்கயாவது மாறி ஏறுவீங்கள்ல, அந்த ஏர்போர்ட் வைஃபைலயே வீசாட், அலிபே ரெண்டையும் இறக்கிடுங்க. புது வீசாட் அக்கவுண்ட்டுக்கு ஏற்கனவே வெச்சிருக்குற ஒருத்தர் ஸ்கேன் பண்ணி சாட்சி சொல்ல வேண்டி வரலாம், சீனியர் யாரையாவது முன்னாடியே பிடிச்சு வெச்சுக்கோங்க.

பேங்க் அக்கவுண்ட் வர்ற வரைக்கும் ஊர் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ அலிபேல சேத்துக்கலாம். ஒரு தடவைக்கு 200 யுவானுக்கு மேல போனா 3 சதவீதம் கட்டணம், அதுக்குள்ளன்னா கிடையாது. தெருவுல சக்கரவள்ளிக் கிழங்கு சுட்டு விக்கிற பாட்டிகிட்ட கூட க்யூஆர் இருக்கும், நம்ம ஊர் ஜிபே மாதிரிதான், ஒரே நாள்ல பழகிடும். போன்ல சார்ஜ் மட்டும் தீரக் கூடாது, தீந்துட்டா டீக்குக் கூட வழியில்ல, கொஞ்சம் நோட்டும் பைல இருக்கட்டும்.

சாப்பாடு. "நாங்கல்லாம் ஆந்திரா ஊறுகாவையே அசால்ட்டா சாப்பிடுவோம்"னு சொல்லிட்டு வந்து முதல் ஹாட்பாட்லயே (கொதிக்கிற காரக் குழம்புல கறி, காய முக்கி சாப்பிடுறது) கண்ணு கலங்குனவங்கள நிறைய பாத்திருக்கேன். இங்க மிளகாய் பிரச்சனையே இல்ல, கூட ஹுவாஜியாவ்னு ஒரு மிளகு போடுவாங்க, அது நாக்க மரத்துப் போக வைக்கும், பல் டாக்டர்கிட்ட ஊசி போட்ட மாதிரி. ஆரம்பத்துல "வெய் லா"ன்னு கேளுங்க, காரம் கம்மின்னு அர்த்தம். சைவக்காரங்க "வோ ச்சீ சூ"ன்னு சொல்லணும், ஆனா அதோட விட்டுடாதீங்க, மாபோ தோஃபுன்னு பேர்ல தோஃபு இருக்கும், மேல கொத்துக்கறி இருக்கும், காய்கறிய பன்னிக் கொழுப்புல வதக்கிக் குடுக்குறதும் உண்டு. வெறும் "ரோ"ன்னு, அதாவது கறின்னு மட்டும் எழுதியிருந்தா அது பன்னிக்கறின்னே எடுத்துக்கோங்க. ஹலால் வேணும்னா "ச்சிங் ஜென்"னு கேளுங்க, லான்ஜோ மாட்டுக்கறி நூடுல்ஸ் கடைங்க நிறைய அந்த வகைதான். தயிர்னு வாங்குறது பாதிக்கு மேல இனிக்கும், "வூ தாங்"னு, அதாவது சர்க்கரை இல்லாததுன்னு பாத்து எடுத்தாதான் தயிர் சாதம் நடக்கும். புளி சுமந்துட்டு வர வேண்டாம், பக்கத்து யுன்னான்ல விளையுது, "ஸ்வான் ஜியாவ்"னு தாவ்பாவ்ங்குற ஆன்லைன் கடைல தேடுங்க, இனிப்பு ரகமும் இருக்கு, பாத்து வாங்குங்க. குக்கரும் வேணாம், அதுக்குக் காரணம் வேற, நிறைய ஹாஸ்டல்ல கரண்ட் அடுப்பு, ரைஸ் குக்கர் எதுக்குமே அனுமதி இல்ல, சோதனைல மாட்டுனா தூக்கிட்டுப் போயிடுவாங்க.

குளிர் பத்தி யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. செங்டு தெற்குல சேத்தி, பெய்ஜிங் மாதிரி வீட்டுக்கு வீடு சூடு வர்ற குழாய் இங்க கிடையாது. ஜனவரில டெம்பரேச்சரப் பாத்தா 5, 6 டிகிரின்னு காட்டும், இவ்ளோதானான்னு தோணும், ஆனா ஈரக் குளிரு எலும்புக்குள்ள போயிடும், சில நாள் ரூமுக்குள்ள வெளிய விட ஜில்லுன்னு இருக்கும். ஊர்லேர்ந்து ஸ்வெட்டர் மூட்டை கட்டாதீங்க, இங்கயே வாங்கிக்கலாம், ஹாஸ்டல்ல விட்டா ஒரு எலக்ட்ரிக் போர்வையும் வாங்கிடுங்க.

பேச்சு வரலன்னு பயப்படாதீங்க. நம்ம ஊர்ல முன்ன பின்ன தெரியாதவங்கள அண்ணே, அக்கான்னு கூப்பிடுற மாதிரி இங்கயும் முறை இருக்கு, டிரைவர்னா "ஷிஃபூ", கடைக்காரர்னா "லாவ்பான்", நம்ம அம்மா வயசுக்காரங்கன்னா "ஆயி" (ஆமா, நம்ம ஆயா மாதிரியே இருக்கும், எனக்கு அதனாலயே மனசுல நின்னுடுச்சு). சரிங்கன்னு சொல்ல இந்த ஊர் பாஷைல "யாவ்தே", அத மட்டும் சொல்லிப் பாருங்க, காய்கறிக்கார ஆயி முகமே மாறிடும்.

ஆஸ்பத்திரிக்குப் போனா முதல்ல "க்வா ஹாவ்", அதாவது டோக்கன் பதிவு, பாஸ்போர்ட் இல்லாம போகாதீங்க. ஆம்புலன்ஸ் 120, போலீஸ் 110. விசா, பெர்மிட் சந்தேகம்னா 12367, ராத்திரி எந்நேரமும் இங்கிலீஷ்ல பேசலாம்.

சீனப் புத்தாண்டுக்கு எங்கயாவது போறதா இருந்தா ட்ரெயின் டிக்கெட் 15 நாள் முன்னாடி திறக்கும், அன்னிக்கே 12306 ஆப்ல உக்காந்துடுங்க, அதுக்கும் பாஸ்போர்ட் சரிபார்ப்ப முன்கூட்டியே முடிச்சு வெக்கணும். போகலைன்னா அரிசி, முட்டை வாங்கி வெச்சுக்கோங்க, அந்த ஒரு வாரம் காலேஜ் பக்கத்துல இருக்குற சின்னக் கடை பாதி மூடிடும்.