முதல் நிரலாக்கப் போட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டிக்கு முந்தின நாள் பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயிலேறிக் கோலாலம்பூருக்குப் போனோம், நாங்கள் மூன்று பேர். வழியெல்லாம் கிராஃப் அல்காரிதங்களைத்தான் (வலைப்பின்னல் போன்ற கணக்குகளைத் தீர்க்கும் வழிமுறைகள்) புரட்டிக்கொண்டிருந்தோம். மறுநாள் முதல் கணக்கிலேயே தடுக்கி விழுந்தோம். அதற்கு எந்த அல்காரிதமும் தேவைப்படவில்லை, வெறும் கூட்டல்தான்.

கேள்வியின் அடியில் ஒரு வரி இருந்தது: எண்கள் 2 லட்சம் வரை வரலாம், ஒவ்வொன்றும் 100 கோடி வரை இருக்கலாம். நாங்கள் அதைப் படிக்காமல் சி பிளஸ் பிளஸ் மொழியில் 'இன்ட்' என்ற எண் வகையைப் போட்டுக் கூட்டினோம். இன்ட் தாங்குவது 2,147,483,647 வரைதான். மாதிரி உள்ளீட்டில் சின்ன எண்களே இருந்ததால் விடை சரியாக வந்தது, நாங்களும் நம்பி அனுப்பிவிட்டோம். மூன்று முறை 'ராங் ஆன்சர்'. பிறகுதான் பக்கத்தில் இருந்தவன் கேட்டான், "டேய், லாங் லாங் போட்டியா?" அது இன்ட்டைவிடப் பெரிய எண்களைத் தாங்கும் வகை.

அந்த வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். எந்த வழியில் போகலாம் என்பதையும் அதுவே சொல்லிவிடும். 2 லட்சம் எண்களுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) எழுதினால் 4,000 கோடி படிகள். ஒரு நொடியில் சுமார் 10 கோடி எளிய படிகள் ஓடும் என்பது போட்டியாளர்கள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. ஆக, எழுதத் தொடங்கும் முன்பே அந்த வழி ஆகாது என்று தெரிந்துவிடும். எண்கள் 1,000 தான் என்றால் அதே இரண்டு லூப் தாராளமாக ஓடும், அங்கே மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

விடையைச் சரிபார்க்காமலே அனுப்பிப் பார்ப்போமே என்ற எண்ணமும் ஆபத்து. கல்லூரி மாணவர்களுக்கான சர்வதேச நிரலாக்கப் போட்டியான ஐசிபிசியின் முறையில் எத்தனை கணக்கு முடித்தோம் என்பதுதான் முதலில். அதில் சமமானால் நேரம் பார்ப்பார்கள். முடித்த கணக்கில் ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் 20 நிமிடம் கூடும். 74ஆவது நிமிடத்தில் சரியான விடை அனுப்பினோம், மூன்று தவறுகளையும் சேர்த்து எங்கள் நேரமாக ஏறியது 134 நிமிடம். அனுப்பும் முன் ஒன்று, பூச்சியம், ஆகப் பெரிய எண் என மூன்று உள்ளீட்டைக் கையால் கொடுத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

அப்புறம் அந்த ஒற்றைக் கணினி. மூன்று பேருக்கும் ஐந்து மணி நேரத்துக்கும் அது ஒன்றுதான். நாங்கள் மூவரும் அதைச் சூழ்ந்து நின்று, ஒருவன் பிழை தேடுவதை மற்ற இருவரும் வேடிக்கை பார்த்தோம். அப்படிச் செய்யாதீர்கள். பிழை வந்ததும் நிரலை அச்செடுத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும், விடை தயாராக இருப்பவர் உட்கார வேண்டும். இதைப் போட்டிக்கு முன்பே பேசி முடிவு செய்துகொண்டால் மனக்கசப்பு வராது.

கேள்விகள் எளிதிலிருந்து கடினம் என்று அடுக்கப்பட்டிருக்காது. முதல் கேள்வி என்பதற்காக அதிலேயே ஒட்டிக்கொள்ள வேண்டாம். மதிப்பெண் பலகையைப் பாருங்கள், பல அணிகள் முடித்த கணக்கு எளிதாகத்தான் இருக்கும். ஐசிபிசி போட்டிகளில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நிறத்தில் பலூன் கட்டுவார்கள். மண்டபத்தில் ஒரே நிறம் பரவுவதைப் பார்த்தாலே போதும். கடைசி ஒரு மணி நேரம் பலகையில் மற்ற அணிகளின் புதிய முடிவுகளைக் காட்டாமல் உறைய வைத்துவிடுவார்கள், அதனால் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: லட்சக்கணக்கான வரிகளை 'இன்புட்' கட்டளை கொண்டு ஒவ்வொன்றாக வாங்கினால், சரியான நிரலும் நேரம் தாண்டிவிடலாம். மொத்தமாக ஒரே தடவையில் வாசித்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் கேள்விகளை மூடி வைத்துவிடாதீர்கள். எங்களிடம் முடிக்காத கணக்கு ஒன்று இருந்தது. அடுத்த ஞாயிறு ஒரு நாசி கண்டார் கடை மேசையில் மூவரும் அதைத் தாளில் போட்டுப் பார்த்தோம். எண்களை வரிசைப்படுத்தி, இரண்டு முனையிலிருந்தும் நகர்ந்து வந்தால் போதும். தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) ஆறுவதற்குள் விடை வந்துவிட்டது.