ஹெச்எம்டி பிரிச்சு பழகறவங்க பார்ட்ஸ் ஷேர் பண்ணிக்கறது எப்படி

வாட்ச் ரிப்பேர் புதுசா கத்துக்கறவங்களுக்கு டூல்ஸை விட பெரிய தலைவலி பார்ட்ஸ்தான். ஒரு குட்டி ஸ்க்ரூ தெறிச்சு கட்டிலுக்கு அடியில போச்சுன்னா அதுக்காக இன்னொரு மூவ்மெண்டே (வாட்ச்சுக்குள்ள ஓடற மொத்த மெஷின்) வாங்கணும். நாலஞ்சு பேர் சேர்ந்தா செலவு குறையும், ஆனா ஆளாளுக்கு ஒரு வாட்ச் வச்சிருந்தா பிரயோஜனமில்ல, ஏன்னா ஒரு காலிபரோட (மூவ்மெண்ட் மாடலோட) வீல் பொதுவா இன்னொண்ணுல உக்காராது.

அதனால முதல்ல எல்லாரும் ஒரே காலிபரை முடிவு பண்ணுங்க. என் ஓட்டு ஹெச்எம்டி 0231க்கு. 1961ல சிட்டிசனோட கூட்டு சேர்ந்து பெங்களூர்ல வாட்ச் ஃபேக்டரி ஆரம்பிச்ச கம்பெனி, வாட்ச் பிரிவை மூட 2016ல முடிவாச்சு, ஆனா ஜனதா, பைலட், கோஹினூர்னு சாவி குடுக்கற வாட்ச் இன்னும் பழைய கடை டப்பாக்கள்ல கிடக்கு. 17 ஜுவல் (அச்சு உரசாம இருக்க வைக்கற குட்டிக் கல்), தேதி கிடையாது, ஆட்டோமேட்டிக் கிடையாது, பழக இது போதும். வாங்கறப்போ டயலைப் பாத்து வாங்காதீங்க, பின்மூடியைக் கழட்டி மூவ்மெண்ட்ல இருக்கற நம்பரைப் பாருங்க.

அடுத்து, ஓடாத மூவ்மெண்டா மொத்தமா ஒரு லாட் வாங்கி பங்கு போட்டுக்கோங்க. வாட்ஸ்அப் குரூப்ல ஒரு லிஸ்ட் போடுங்க. "மூவ்மெண்ட் 1 இருக்கு"ன்னு போட்டா யாருக்கும் உதவாது, "பேலன்ஸ் ஸ்டாஃப் உடைஞ்சது, ட்ரெயின் வீல் எல்லாம் நல்லா இருக்கு, மெயின் ஸ்பிரிங் செக் பண்ணல"ன்னு போடுங்க, கூடவே ஐகிளாஸ் (கண்ணுல மாட்டற லென்ஸ்) வழியா ஒரு போட்டோ. பேலன்ஸ் ஸ்டாஃப்னா முன்னும் பின்னும் ஆடற பேலன்ஸ் வீலோட அச்சு, ட்ரெயின்னா சக்கர வரிசை, மெயின் ஸ்பிரிங்னா சாவி குடுத்தா இறுகற சுருள்.

பார்ட் எடுக்கறதுக்கு முன்னாடி சாவியோட டென்ஷனை இறக்கணும். கிரவுனை (சாவி குடுக்கற திருகு) விரல்ல பிடிச்சுக்கிட்டு கிளிக்கை (சாவி அவிழாம தடுக்கற குட்டிக் கொக்கி) சாமணத்தால தள்ளிப் பிடிச்சா கிரவுன் பின்னாடி சுத்தும், விடாம மெதுவா சுத்த விடுங்க. அப்புறம் பேலன்ஸை எடுங்க, அதுக்கப்புறம்தான் பேலட் ஃபோர்க் (பேலன்ஸுக்கும் ட்ரெயினுக்கும் நடுவுல இருக்கற கவை). டென்ஷன் இருக்கறப்போ ஃபோர்க்கை எடுத்தீங்கன்னா மொத்த ட்ரெயினும் விர்ர்ருனு ஓடும், பிவட் (அச்சோட மெல்லிசான நுனி) உடைய சான்ஸ் இருக்கு. கிரவுன் வீல் ஸ்க்ரூ பல காலிபர்ல இடது மரை, கழட்ட வரலைன்னா பலம் போடாம எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்க.

அனுப்பறதுலதான் பாதி பார்ட்ஸ் சாகுது. பேலன்ஸ் வீலை தனியா பஞ்சுல சுத்தி அனுப்பவே அனுப்பாதீங்க, பஞ்சு நூல்ல ஹேர் ஸ்பிரிங் (பேலன்ஸ்ல இருக்கற மெல்லிசான சுருள்) மாட்டிக்கிட்டா அப்புறம் அதை நேராக்கறது பெரிய ஆளுங்களுக்கே கஷ்டம். பேலன்ஸ் காக்கோட (பேலன்ஸைத் தாங்கற கை) சேர்த்து ஒரு உடைஞ்ச மெயின் ப்ளேட்ல (அடித்தகடு) ஸ்க்ரூ போட்டு மாட்டி, ஆடாத மாதிரி சின்ன பிளாஸ்டிக் டப்பால வச்சு அனுப்புங்க, ப்ளேட்டை அடுத்த தடவை திருப்பி வாங்கிக்கலாம். டயல்ல பாராஷாக்னு (விழுந்தா அதிர்ச்சியைத் தாங்கற அமைப்பு) பெருமையா எழுதியிருக்கும், அந்த ஷாக் ஸ்பிரிங்கையும் தனியா கழட்டாதீங்க, பறந்தா கிடைக்காது. ஸ்க்ரூவை அந்தந்த பிரிட்ஜ் (சக்கரங்களை மேல பிடிச்சிருக்கற தகடு) கூடவே குட்டி ஜிப் கவர்ல போட்டு மேல பேர் எழுதுங்க.

ரொம்ப பழைய சுவிஸ் வாட்ச் யாராவது லாட்ல சேர்த்தா அதோட முள்ளுலயும் டயல்லயும் இருக்கற பெயிண்டை சுரண்டாதீங்க, 1960கள் வரைக்கும் கதிர்வீச்சு வர்ற ரேடியம் போட்டிருக்காங்க, அந்தத் தூசி மூச்சுல போகக்கூடாது.

அனுப்பறதுக்கு முன்னாடி ஆயில் போட வேண்டாம். வழியில தூசிதான் ஒட்டும், வாங்கறவர் எப்படியும் கழுவிட்டுத்தான் மாட்டுவார்.