சங்கீதம் தினமும் வாசிக்கத் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை, பசுமலையில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் புதிதாக வந்த ஒரு தங்கச்சி ஒரு சின்ன நோட்டைக் காட்டினாள். ஜனவரியிலிருந்து தினமும் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு வசனம் எழுதி வருகிறாளாம். பச்சை மையில் அழகான எழுத்து. புரட்டிப் பார்த்தேன். தாங்குவார், உயர்த்துவார், குறைவுபடாது, அசைக்கப்படுவதில்லை. அத்தனை பக்கத்தில் ஓர் இடத்தில்கூடக் கேள்விக்குறி இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 25 வருஷத்துக்கு முன்னால் நான் வைத்திருந்த நோட்டும் இப்படித்தான் இருந்தது.

அவளுக்காகவும், அவளைப் போலத் தொடங்குகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். போனைத் தள்ளி வையுங்கள், காலையிலேயே உட்காருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் விழுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

மாதத்துக்கு ஒரு சுற்று என்று ஓடுவது

மொத்தம் 150 சங்கீதம், மாதத்துக்கு 30 நாள், அப்படியானால் நாளுக்கு ஐந்து. கணக்கு அழகாக இருக்கிறது. முதல் தேதி 1, 31, 61, 91, 121 என்று எடுத்துக்கொள்வார்கள். ஆங்கிலிக்கன் சபையின் பழைய ஜெபப் புத்தகத்திலும் 30 நாளில் முடிகிற மாதிரி காலை மாலை என்று பிரித்திருக்கிறார்கள். ஆனால் அது வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போனவர்களுக்கு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு 29-ஆம் தேதி 119-ஆம் சங்கீதம் வந்து நிற்கும். 176 வசனம்! அன்றைக்கு விடுகிறவர் அடுத்த மாதம் வேதத்தைத் தொடுவதே இல்லை.

நாளுக்கு ஒன்று போதும். ஐந்து மாதத்தில் முடியும். 119 வந்தால், எபிரெய எழுத்து வரிசையில் எட்டெட்டு வசனமாக அதுவே 22 பகுதியாகப் பிரிந்திருக்கிறது. ஆலெப் ஒரு நாள், பேத் ஒரு நாள் என்று போங்கள்.

தலைப்பைத் தாண்டிப் போவது

எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதை யாரும் வாசிப்பதில்லை. மூன்றாம் சங்கீதத்தின் தலைப்பைப் பாருங்கள்: தாவீது தன் மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடினபோது பாடியது. பெற்ற பிள்ளையே கொல்ல வருகிறான். அரண்மனையை விட்டு ஓடுகிறார். அந்த நிலையில்தான் ஐந்தாம் வசனம் வருகிறது: “நான் படுத்து நித்திரைசெய்தேன், விழித்துக்கொண்டேன், கர்த்தர் என்னைத் தாங்குகிறார்.” தலைப்பை விட்டுவிட்டால் இது தூக்கத்தைப் பற்றிய ஒரு வரி, அவ்வளவுதான்.

இரண்டு அடியை இரண்டு விஷயமாகப் பிரிப்பது

நம் பாட்டில் எதுகை மோனை ஓசையில் வரும். எபிரெயப் பாட்டில் கருத்தே திரும்ப வரும். முதல் அடியில் சொன்னதை அடுத்த அடி வேறு சொல்லில் மறுபடி சொல்லும், அல்லது இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். “உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபமும், என் பாதைக்கு வெளிச்சமுமாயிருக்கிறது.” தீபம் வேறு, வெளிச்சம் வேறு என்று ஒருவர் ஒரு மணி நேரம் விளக்கியதைக் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான். அவசரப்படாதே, இன்னொரு தடவை கேள் என்பதற்காகத்தான் இரண்டு முறை சொல்லியிருக்கிறது.

ஆறுதல் வசனத்தை மட்டும் பொறுக்கி எடுப்பது

மற்ற தவறெல்லாம் நாளாவட்டத்தில் தானாகச் சரியாகிவிடும். இது சரியாகாது. இதை யார் செய்தாலும் எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடிவதில்லை.

2000-ஆவது வருஷப் பிறப்பு நள்ளிரவு ஆராதனை. தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் சுற்றி வந்தன. நான் எடுத்த அட்டையில் சங்கீதம் 91:16 இருந்தது. “நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்.” அப்பாவுக்கு அப்போது 61 வயது. இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதேன். அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது, கர்த்தர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார் என்று வீடு முழுக்கச் சொன்னேன். அட்டையை அப்பாவின் கட்டிலுக்கு நேரே சுவரில் ஒட்டினேன்.

சித்திரை வந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம். கோரிப்பாளையம் பக்கம் ஒரு வண்டி நகரவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பாவுக்கு அன்றைக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தது. பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது.

“பாப்பா, முப்பத்தொன்பதாம் சங்கீதத்தை எடுத்து வாசி” என்றார்.

எனக்கு அது என்ன சங்கீதம் என்று தெரியும். “கர்த்தாவே, நான் எவ்வளவாய் நிலையற்றவன் என்று உணரும்படி என் முடிவையும், என் நாட்களின் அளவு இவ்வளவு என்பதையும் எனக்குத் தெரிவியும்” என்று வருகிற சங்கீதம். சாவைப் பற்றிப் பேசுகிற சங்கீதம்.

“அதெல்லாம் எதுக்குப்பா இப்ப? தொண்ணூத்தொண்ணு வாசிக்கிறேன், கேளுங்க” என்றேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கு மனப்பாடம். மெதுவாக முணுமுணுத்து அந்தச் சங்கீதத்தைத் தானே சொல்ல ஆரம்பித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் சொல்வது என் காதில் விழாதபடி, இன்னும் சத்தமாகத் தொண்ணூற்றொன்றை வாசித்தேன். ஒரே அறையில் இரண்டு சங்கீதம். ஒன்றை ஒன்று அமுக்கிக்கொண்டு.

நாலாம் நாள் அப்பா போய்விட்டார். அவர் என்ன பேச நினைத்தார், எதைச் சொல்லிவிட்டுப் போக ஆசைப்பட்டார், எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பேச விடவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் வேதத்தைத் திறக்கவில்லை. சுவரில் இருந்த அட்டையைக் கிழித்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், எங்கள் சபையில் வயதான ஓர் அம்மா வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தன் வேதத்தை விரித்து 88-ஆம் சங்கீதம் முழுவதையும் வாசித்தார். அது எப்படி முடிகிறது தெரியுமா? “சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்.” அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு நம்பிக்கை வரிகூடக் கிடையாது. வாசித்து மூடிவிட்டு, என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுப் போனார். இப்படி ஒன்று வேதத்துக்குள் இருக்கிறதா என்று அன்றைக்கு ராத்திரி நானே எடுத்து மறுபடி வாசித்தேன். திரும்ப வந்தது அப்படித்தான்.

91-ஆம் சங்கீதம் பொய் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் தினமும் அதில்தான் தூங்குகிறேன். ஆனால் அதிலிருந்து ஒரு வரியை வெட்டி எடுத்து, தேவனிடம் நீட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியாது. மத்தேயு 4-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக் குதி என்று சொன்ன சாத்தான் எடுத்துக் காட்டியது எதை? இதே 91-ஆம் சங்கீதத்தின் 11, 12 வசனங்களை. இயேசு குதிக்கவில்லை. சிலுவையில் தொங்கியபோது அவர் வாயில் வந்தது 22-ஆம் சங்கீதம்: “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?” சாகும்போது அவருக்கே கேள்விதான் வந்தது. நாம் மட்டும் கேட்கக் கூடாதா?

சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் புலம்பல். அத்தனையையும் தாண்டிக் குதித்து ‘துதிங்க, துதிச்சா சரியாயிரும்’ என்கிறோம். போன வருஷம் பிறந்த குழந்தையை இரண்டாம் நாளே பறிகொடுத்த ஒரு பெண்ணுக்கு, மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பில் ஒருவர் பூப்படம் போட்டு அனுப்பிய வசனம்: “கர்த்தரைத் தேடுகிறவர்களுக்கோ ஒரு நன்மையும் குறைவுபடாது.” அவள் அந்தப் போனை என்னிடம் காட்டிவிட்டுக் கீழே வைத்தாள். 34-ஆம் சங்கீதம் அது. அனுப்பியவர் இன்னும் எட்டு வசனம் கீழே போயிருந்தால், நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருக்கிறார் என்று அதே சங்கீதமே சொல்லியிருக்கும். அந்த வீட்டுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

சரி, எப்படி வாசிப்பது? 13-ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை கேட்கிறார் தாவீது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்? எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர்? அடுத்த இரண்டில் விண்ணப்பம். ஐந்தாம் வசனத்தில்தான் “உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்” என்று திரும்புகிறது. அந்த இடத்துக்கு ஒரே நாளில் போய்ச் சேர வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டாம் வசனத்திலேயே ஒரு வாரம் இருக்க வேண்டியிருந்தால் இருங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் ‘எதுவரைக்கும்’ எது என்று நோட்டில் எழுதுங்கள். நம்பாதவன் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான். கேட்கிற இடத்தில் ஆள் இருக்கிறார் என்று நம்புகிறவன்தான் கேட்பான்.

இதைச் சொன்னபோது அந்தப் பச்சை மைத் தங்கச்சி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். “இப்படியெல்லாம் கேட்கலாமாக்கா? ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரா?” என்றாள். அப்புறம்தான் சொன்னாள், இரண்டு முறை கரு தங்கவில்லையாம். அந்த நோட்டில் அதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. கேட்டவனுடைய பாட்டைத் தன் புத்தகத்தில் சேர்த்து வைத்திருக்கிறாரே, கோபப்பட்டிருந்தால் சேர்த்திருப்பாரா என்றேன்.

பகைவனைச் சபிக்கிற 109-ஆம் சங்கீதத்தைப் பங்காளி மேல் ஏவுவது

செய்யாதீர்கள்.

23-ஐ மனப்பாடமாக ஓட்டுவது

ஞாயிறு பள்ளியில் படித்ததால் நாக்கு தானாக ஓடிவிடுகிறது. ஓட்டத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். முதல் மூன்று வசனமும் கர்த்தரைப் பற்றிய பேச்சு: மேய்ப்பராயிருக்கிறார், மேய்க்கிறார், தேற்றுகிறார். நாலாம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு மாறுகிறது. “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்.” வெளிச்சத்தில் அவரைப் பற்றிப் பேசியவன், இருட்டுக்குள் நுழைந்ததும் அவரிடமே பேசுகிறான்.

திருப்புவனம் தாண்டி அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒரு கீதாரியிடம் ஒரு முறை பேசிக்கொண்டிருந்தேன். தொரட்டிக் கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றார். ராத்திரி ஆடு மிரண்டால் என்னண்ணே பண்ணுவீங்க என்று கேட்டேன். “கம்பெல்லாம் இருட்டுல ஆட்டுக்குத் தெரியாதும்மா. சத்தம் குடுத்துக்கிட்டே இருக்கணும். நம்ம சத்தம் கேட்டா அடங்கிரும்” என்றார். யூதேயாவின் மேய்ச்சல் நிலமும் நம் பக்கம் போல வறண்டதுதான். மழைக் காலத்தில் கொஞ்ச நாள் பசுமை, மற்றபடி கல்லும் புழுதியும். புல் எங்கே இருக்கிறது என்று ஆட்டுக்குத் தெரியாது, கூட்டிப் போகிறவருக்குத்தான் தெரியும். நாலாம் வசனத்தில் நிறுத்தி, அவரிடம் உங்கள் வார்த்தையில் பேசிவிட்டு அப்புறம் ஐந்துக்குப் போங்கள்.

மொழிபெயர்ப்பில் சண்டை போடுவது

23-இன் முதல் வசனம் பழைய திருப்புதலில் ‘நான் தாழ்ச்சியடையேன்’, 1995-இல் வந்த திருவிவிலியத்தில் ‘எனக்கேதும் குறையில்லை’. அதை வாசிக்கிற கத்தோலிக்கர் திருப்பாடல் என்கிறார்கள், நாம் சங்கீதம் என்கிறோம். இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைப்பது

வேண்டியதில்லை. காலையில் 3, படுக்கப் போகும்போது 4. ஒரு வாரம் இந்த இரண்டு மட்டும். அடுத்து 13. அதற்குப் பிறகு 42-ஐயும் 43-ஐயும் சேர்த்தே வாசியுங்கள். “என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?” என்ற பல்லவி இரண்டிலுமாக மூன்று முறை வருவதைப் பார்த்தால் இரண்டும் ஒரே பாட்டு என்று உங்களுக்கே தெரியும். அதிலும் முதல் தடவை சொன்னதும் கலக்கம் தீர்ந்துவிடவில்லை. திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டில் யாராவது படுத்த படுக்கையாக இருந்தால், எந்தச் சங்கீதம் வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். 39 என்றால் 39-ஐ வாசியுங்கள். கடைசி வசனம் வரை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடாமல் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.