கிராப்பி மேலே பார்த்துத்தான் கடிக்கும்

அமெரிக்காவின் மினசோட்டா பக்கம் உறைந்த ஏரியில் கிராப்பி என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் போகிறவர்கள் பலரும் தூண்டிலைத் தரைவரை இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். மீன் அங்கே இருக்காது. குளிர்காலத்தில் கிராப்பிக் கூட்டம் பெரும்பாலும் ஆழமான பகுதியில், தரைக்குச் சில அடி மேலே அந்தரத்தில் நிற்கும். அதுவும் மேலே பார்த்து இரை தேடுகிற மீன். தனக்குக் கீழே கிடப்பதை லேசில் கவனிக்காது.

ஒலியலையை வைத்து நீருக்கடியில் இருப்பதைக் காட்டும் சோனார் கருவி உதவுவது இங்கேதான். அதன் வட்டத் திரையில் உங்கள் ஜிக் (எடை கோத்த சிறு தூண்டில் கொக்கி) ஒரு மெல்லிய கோடாகத் தெரியும், அதற்குக் கீழே மீன் இன்னொரு கோடு. ஜிக்கை மீனுக்கு ஒன்றிரண்டு அடி மேலேயே நிறுத்துங்கள். கீழ்க்கோடு மெல்ல ஏறி வந்தால் கையை ஆட்டாமல் ஜிக்கையும் கொஞ்சம் உயர்த்துங்கள். துரத்தி வரும்.

அப்புறம், கடி. பல நேரம் இழுப்பே இருக்காது. மீன் ஜிக்கை வாயில் கவ்வி மேலே தூக்கும். கோல் நுனியில் உள்ள சிறு ஸ்பிரிங் நிமிரும், தூண்டில் நரம்பு தளரும். அதுதான் கடி! வெடுக்கென்று இழுக்காதீர்கள், காகிதம் போன்ற வாய், கிழிந்துவிடும். இரண்டு பவுண்டு இழுவை தாங்கும் நரம்பும் சின்ன டங்ஸ்டன் ஜிக்கும் போதும். டங்ஸ்டன் ஈயத்தைவிடக் கனம், குட்டியாக இருந்தாலும் சட்டென்று இறங்கும்.

எந்தக் கருவி வாங்கினாலும் சரி, தெளிந்த பனி 4 அங்குலத் தடிமன் இல்லாமல் ஏரியில் கால் வைக்காதீர்கள். வெள்ளைப் பனி என்றால் அதைப்போல் இரு மடங்கு வேண்டும்.